இருவர் கையெழுத்து

கூட்டுப் பத்திரத்தில் பதினோராம் ஷரத்து:
காசோலையில்
மூவரில் எவரேனும் இருவர் ஒப்பமிட வேண்டும்.
எழுதியபோது மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேல்விஷாரத்தில் எங்கள் தோல் ஷாப்புக்கு
இப்போது இரண்டு அறை, இரண்டு ஏசி,
கணக்கெழுத நான் ஒருத்தி.
சின்னவர் தோல் பிடிக்கக் கான்பூர் போய்விட்டால்
முனாஃப் பாய் மேசையிலிருந்து
தம்பி ஜலீல் பாய் மேசைக்குப்
பதினான்கு தப்படி
காசோலைப் புத்தகத்தைச் சுமப்பவள்.

போன சனி, கூலி நாள்.
டிரம் ஓட்டுகிறவர்கள் கை கழுவி
நீலம் போகாத நகங்களோடு நின்றார்கள்.
ஜலீல் பாய் தொகையைப் பார்க்கவில்லை,
அண்ணன் கையெழுத்தைப் பார்த்தார்.
"இந்த வால் ஏன் இப்படி நெளியுது?"
எனக்குத் தெரியும்.
சொல்லும் அதிகாரம் எந்த ஷரத்திலும் இல்லை.
"பேனா சரியில்ல பாய்."
போட்டுக் கொடுத்தார்.

வங்கி நம்பவில்லை.
கையெழுத்து வேறுபடுகிறது என்று
சீட்டு குத்தித் திருப்பிவிட்டார்கள்.
மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பிக்க
பங்குதாரர்கள் நேரில் வரவேண்டுமாம்,
ஒரே சமயத்தில்.

திங்கள், ஆற்காடு கிளை. டோக்கன் நாற்பத்தேழு.
பெஞ்சில் இருவர், நடுவே என் பை.
முப்பத்தொன்று வரை ஃபேனைப் பார்த்தார்கள்.
படிவம் வந்ததும்
ஜலீல் பாய் மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார்.
அந்த விரல்கள் ஆடுவதைப் பார்த்தவர்
காகிதம் நகராமல்
ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.
பேச்சு இல்லை.

மேலாளர் கேட்டார்:
"கணக்கை இயக்கும் முறையில் மாற்றம் உண்டா?
ஒருவர் போட்டால் போதும்னு மாத்திக்கலாம், சுலபம்."
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேண்டாம் சார்," என்றேன்,
"இருவரே இருக்கட்டும்."