மிக அடிக்கடி

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
ஒருபோதும் இல்லை, சிலசமயம்,
அடிக்கடி, மிக அடிக்கடி.
சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று.

அடிக்கடிக்கும் மிக அடிக்கடிக்கும் நடுவே
எத்தனை தண்ணீர்ப் புட்டிகள் என்று
அதில் போடவில்லை.
இந்த ஆண்டு ஐந்து தொலைத்துவிட்டான்.
ஆறாவதில் என் எண்ணை எழுதி ஒட்டினேன்.
மார்சிலிங் ரயில் நிலையத்திலிருந்து
ஒரு சீனப் பெரியவர் அழைத்தார்.
புட்டி கிடைத்தது.
புத்தகப் பை கிடைக்கவில்லை.

பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி
ஐந்து மாதம்.
தேதி வந்த இரவு
சாங்கியில் எனக்கு வேலை.
பெட்டிகள் சுழலும் பட்டையருகே நின்று
மூன்று தடவை படித்தேன்.
யாரும் எடுக்காத ஒரு நீலப் பெட்டி
சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"வால்தனத்துக்கு வைத்தியமா?" என்றார் அவன் அப்பா.
விளக்கை அணைத்த பிறகு,
"காப்புறுதியில பின்னாடி கேப்பாங்களா?
தேசிய சேவையில?"
எனக்கும் அதே பயம்தான்.
தூங்குகிறவள்போல் கிடந்தேன்.

பள்ளியிலிருந்து இரண்டு படிவங்கள் வந்தன.
வகுப்பாசிரியை மிஸ் ஓங்
எல்லாவற்றுக்கும் மூன்று போட்டிருந்தார்,
ஒரு மூன்றில் பேனா தாளைக் கிழித்திருந்தது.
தமிழாசிரியை மெஹருன்னிசா
அழகான கையெழுத்தில்
முட்டை, முட்டை, ஒன்று, முட்டை.

"ஒரு வகுப்பில் இருக்கிறது,
இன்னொன்றில் இல்லை.
டாக்டர் கேட்பார்" என்றார் தாதி.

அதனால்தான் போனேன்,
மூன்றாம் மாடித் தாய்மொழி வகுப்பறைக்கு,
பிள்ளைகள் கலைந்த பிறகு.
"டீச்சர், மார்க்கைக் கொஞ்சம்
கூட்டிப் போட முடியுமா?"
சொன்ன பிறகுதான்
நான் சொன்னது என் காதில் விழுந்தது.
அரை மதிப்பெண்ணுக்காக வாசலில் நின்ற அம்மாக்களை
போன வருடம்
கேலி செய்தவள் நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"நல்ல பிள்ளைம்மா. என் வகுப்புல
உட்கார்ந்துதான் இருக்கான்."
எவ்வளவு நேரம்?
"பத்து நிமிஷம்."
அப்புறம்?
"அப்புறம் ஆபீசுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புவேன்."
என்ன கடிதம்?

நாலாய் மடித்த வெற்றுத்தாள்.
கீழே அலுவலகத்தில் ரொஹானா அம்மையார்
அதைப் பிரித்துப் படித்து,
தலையாட்டி,
கையெழுத்துப் போட்டு, மடித்து,
திருப்பி அனுப்புவார்.
மூன்று மாடி இறங்கி ஏறி
வியர்த்து வந்து உட்காருவான்
அடுத்த பத்து நிமிடத்துக்கு.

"ஜனவரியிலிருந்து" என்று
இழுப்பறையைத் திறந்தார்.
ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு.
எல்லாத் தாளிலும் ஒரே கையெழுத்து,
வேறு ஒரு சொல் கிடையாது.

பள்ளியில் தனக்கு அவசரக் கடிதம் சுமக்கும் வேலை
என்று வீட்டில் சொல்லியிருக்கிறான்.
ஏன் உனக்கு மட்டும், பொய் சொல்லாதே என்று
அதற்கு ஒருநாள்
அடித்திருக்கிறேன்.

"இதை எழுதுங்க டீச்சர்.
இப்படியே எழுதுங்க."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.
"காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."
பிறகு ஒவ்வொரு முட்டையாய் அடித்து
பக்கத்தில் வேறு எண் எழுதி
சின்னதாய் ஒப்பமிட்டார்.
குறிப்புகளுக்கு இரண்டு வரிதான் இடம்.
தாளைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் முழுக்க எழுதினார்.

கீழே, கூடைப்பந்துக் கம்பத்தைச்
சுற்றிக்கொண்டிருந்தான் லோகிதன்.
"எனக்கு எத்தனை மார்க்?"
ஐம்பத்து நாலுக்கு நாற்பத்தொன்று.
"பாஸா?"

யோசிப்பதற்குள்
பேருந்து நிறுத்தத்துக்கு ஓடிவிட்டான்.
கம்பத்தடியில் தண்ணீர்ப் புட்டி,
என் எண் வெயிலில் மங்கியிருந்தது.
எடுத்துக்கொண்டேன்.