முன்பக்க ஜன்னல்கள்: ஏழு

வங்கி கேட்டது பத்திரம் மட்டும்தான்.
பத்திரத்தில் 1974க்கு முன்னால் யாருமே இல்லை.
கல் இருந்திருக்கிறது, மழை இருந்திருக்கிறது,
அவ்வளவுதான் என்று நம்ப
எனக்கு மனம் வரவில்லை.

அதனால் செவ்வாய்தோறும் விடுப்பு,
ஸ்லைகோவிலிருந்து டப்ளினுக்கு மூன்று மணி நேர ரயில்.
வரி மதிப்பீட்டுப் பேரேட்டை
நோயாளியைப் போலத் தலையணையில் கிடத்துகிறாள் டெர்வலா.
பென்சில் மட்டும்தான் என்று
வாராவாரம் புதிதாகச் சொல்கிறாள்.

திருத்தம் வரும் ஒவ்வொரு முறையும் வேறு நிற மை.
கறுப்பில் இருந்த ஜேம்ஸ் கில்மார்ட்டினைச்
சிவப்பு அடித்துவிட்டு அவன் விதவையை எழுதுகிறது.
விதவையைப் பச்சை அடிக்கிறது.
ஊதாவில் வருகிறான் ஓட்ஸ் வியாபாரி டான்சி.
டான்சியின் மேல் நீலக் கோடு, ஓரத்தில் ஒரே சொல்:
காலி.
செத்தவனுக்கும் கடனில் போனவனுக்கும்
கப்பலேறியவனுக்கும் ஒரே மாதிரிக் கோடு.
நிலச் சொந்தக்காரர் பத்தியில் மட்டும்
அறுபது வருஷமாய் மாறாத ஒரு பெயர்.
அந்த மனிதர் இந்த ஊரில்
ஓர் இரவாவது தூங்கியிருப்பாரா?

1851 கணக்கெடுப்பு கிடைக்குமா?
'எரிந்துவிட்டது.'
1881?
'அது எரியவில்லை. கூழாக்கினார்கள்.
போர்க்காலம், காகிதத் தட்டுப்பாடு.'
மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள், தானே அரைத்தவள் மாதிரி.

1911 இருக்கிறது. அப்போது என் வீடு போலீஸ் பாரக்.
ஐந்து பேர். ஒருவனுக்கும் பெயரில்லை.
போலீஸ்காரனுக்குத் தலைப்பெழுத்து போதும் என்று
எவனோ விதி செய்திருக்கிறான்.
எம்.டி., வயது 26, மணமாகாதவன், விவசாயி மகன்,
கெர்ரியில் பிறந்தவன், ஐரிஷும் ஆங்கிலமும் தெரியும்.
தலைப்பெழுத்து கையில் இருக்கிறது.
தலையெழுத்தை எந்தப் பேரேட்டில் தேட?

அடுத்த தாள் கட்டடத்தைப் பற்றியது.
பன்றிக் கொட்டிலைக்கூட விடாமல் எண்ணியிருந்தார்கள்.
சுவர், கல். கூரை, ஸ்லேட்.
முன்பக்க ஜன்னல்கள், ஏழு.

ஆறுதானே?

கடைசி ரயிலில் திரும்பி, தெருவில் நின்று
டார்ச் அடித்து எண்ணினேன்.
ஆறு. மறுபடியும் ஆறு.
எதிர்வீட்டு மாலக்கி ஃபீஹிலி கதவைத் திறந்து
'சொந்த வீட்டையே வேவு பார்க்கிறாயா?' என்றார்.

மறுநாள் அவர்தான் உளி கொண்டுவந்தார்.
கணப்புக்கும் மாடிப்படிக்கும் நடுவே
சுவர் வேறு குரலில் பேசியது.
காரை உதிர்ந்தது, பிறகு செங்கல்,
பிறகு இரும்பு.
ஜன்னல் அளவுக்கு ஒரு தகடு. அதன் நடுவில்
கடிதப்பெட்டி வாய் போல ஒரு பிளவு.
துப்பாக்கி முனைக்குச் சரியான அளவு.

கீழே ஜன்னல் கல்லில் ஆணியால் கீறிய கட்டங்கள்.
எட்டுக்கு எட்டு.
விடியும்வரை விழித்திருந்த எவனோ
காய் நகர்த்தியிருக்கிறான்.
எம்.டி.யோ, வேறு யாரோ. கல்லில்
தலைப்பெழுத்துகூட இல்லை.

மாலக்கி கட்டங்களைத் தொடவில்லை.
பிளவில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார்.
வெளியே மருந்துக்கடை, என் குப்பைத் தொட்டிகள்,
அப்புறம் அவர் வீட்டு வேலி.
'எங்கள் தாத்தா 1920இல் அந்த வேலிக்குப் பின்னால் படுத்திருந்தார்' என்றார்.
'இந்த ஓட்டையைப் பார்த்தபடி.'
சுட்டாரா என்று நான் கேட்கவில்லை.
அவர் கோட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார்,
அது போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

காப்பீட்டுப் படிவம் வந்து பத்து நாளாகிறது.
முன்பக்க ஜன்னல்கள் எத்தனை?
கையில் பென்சில். டெர்வலா பழக்கிவிட்டாள்.
திறந்து கண்ணாடி போடவா,
பழையபடி அடைத்துவிடவா என்று
மாலக்கியைத்தான் கேட்டிருக்கிறேன்.
தினமும் மாலையில் வருகிறார், ஓட்ஸ் விலை பேசுகிறார்,
அந்தப் பக்கமாக முதுகைத் திருப்பி உட்கார்கிறார்.