ஒருமுறை பாவனைக்கு

வெள்ளவத்தைக் கால்வாய்க்கு அவசரமில்லை.
நகரம் மறந்ததையெல்லாம்
நாலு வருஷம் கழித்துத்தான் கொண்டுவரும்.
கடலுக்கு முன்னான கடைசி வளைவில்
ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்
மஞ்சள் மிதவைக் கட்டு.
அதன்மேல் நிற்பவன் நான்,
நீளத் தடியில் கட்டிய வலையோடு.

சின்ன மழைக்கு மேலே கிடந்தது வரும்:
யோகட் கப், லஞ்ச் ஷீட், சவர்க்காரம் கழற்றிய சட்டை.
பெருமழைக்கு அடிச்சேறு புரளும்.
இந்த ஐப்பசியில்
புரண்டு வந்தது அந்த வருஷம்.

எனக்கு அடையாளம் தெரியும்.
வெளிறிய நீலம், இரண்டு காதுக்கொடி.
ஐந்து விரலிலும் தண்ணீர் நிறைந்த கையுறை,
கைகொடுக்க வந்த யாரோ
பாதியில் யோசித்ததுபோல.
சானிட்டைசர் போத்தல், மூடி இறுக்கமாய்;
திறந்தேன், இன்னும் அதே மணம்,
மூக்குக்குள் ஊரடங்கு.

"எத்தனை?" என்பான் சுனிமல், கொப்பியில் எழுத.
வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.
அப்போதும் பின்னேரச் செய்தியில் எண்கள் வரும்.
முதல் கிழமை எழுந்து நின்று கேட்டோம்.
பிறகு ரிமோட்டைத் தேடினோம்.

சனிக்கிழமை லொறி கொட்டாஞ்சேனைக்குப் போகும்.
பெனடிக் அண்ணனின் தராசு
போத்தலுக்கு ஒரு விலை, கேனுக்கு ஒரு விலை சொல்லும்.
முகக்கவசத்தைக் கண்டால் முகம் திருப்பும்.
"பிளாஸ்டிக் எண்டு அனுப்பினா
துணி எண்டு திருப்பி விடுறாங்கள்.
துணி எண்டா பிளாஸ்டிக்காம்.
ரெண்டு பக்கமும் சேராத சாமான் தம்பி,
கொண்டு போ."
கொண்டுபோவோம், குப்பை மேட்டுக்கு.
மேட்டில் காற்றடிக்கும்.
காற்றுக்குக் கால்வாய் எங்கே என்று தெரியும்.

பாலத்தடியில் கபரக்கொய்யா ஒன்று.
குட்டியில் எப்போதோ கழுத்தை நுழைத்திருக்கிறது.
அது வளர்ந்துவிட்டது,
காதுக்கொடி வளரவில்லை.
மூன்று நாள் கத்தரிக்கோலோடு திரிந்தோம்.
சுனிமலுக்கு வாலால் ஒன்று வைத்துவிட்டுத்
தண்ணீருக்குள் போனது.
இன்னும் அந்த மாலையோடுதான்
வெயில் காய வருகிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு முகத்தகடு.
நெற்றிப் பஞ்சு அழுகிப்போயிற்று, தகடு நல்லம்.
மேல் விளிம்பில் மார்க்கர் எழுத்து,
தமிழிலும் சிங்களத்திலும்:
பஸீஹா.
அந்த வெள்ளை உடுப்புக்குள் ஆர் ஆரென்று தெரியாது,
பெயரை எழுதித்தான் ஆளை அறிவார்கள்.
நானும் அப்போது ஆஸ்பத்திரியில், தற்காலிகம்,
மஞ்சள் பை கட்டுகிறவன்.
எல்லாப் பையும் எரியும் என்றார்கள்.
ஆட்களை எரித்தார்கள்.
பைகள் இங்கே வருகின்றன.

எட்டாம் மாசம் எனக்கொரு கடிதம் வந்தது:
சேவை போதும், நன்றி.
கையுறைப் பெட்டியில் மூன்று மொழியில் அச்சடித்திருக்கும்,
ஒருமுறை பாவித்தபின் அகற்றவும் என்று.
அது சாமானுக்கு எழுதியது என்றே
அதுவரை நினைத்திருந்தேன்.

பஸீஹாவை நான் அறியேன்.
வேறு வார்டாக இருக்கும்.
அவளுக்கும் கடிதம் வந்ததோ,
கடிதம் வரும்வரை இருந்தாளோ.
தகட்டை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
பஞ்சுக்குப் பதில் கிழிந்த சாரத்தில் ஒரு துண்டு.
வலையை உதறும்போது சேறு கண்ணில் தெறிக்கும்,
அதற்கு நல்ல உதவி.

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்
பாலத்தில் நின்று எட்டிப் பார்த்து வாசிக்கிறார்கள்:
"பஸீஹா மாமா!"
நான் கையைத் தூக்குகிறேன்.

மழையில் கடைசி எழுத்து மங்கிவிட்டது.
நேற்று சுனிமலிடம் மார்க்கரை வாங்கி
மேலால் எழுதினேன்.
மை காயவில்லை,
கட்டில் வந்து முட்டியது
இன்னொரு நீலம்.