ஓய்வில் ஏறும் வோல்ட்

லண்டனுக்கு அடியில், இரவு ஒரு மணிக்கு
தண்டவாளத்தின் உயிரை எடுத்துவிடுவார்கள்.
அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வேலை.

மஞ்சள் பூச்சு, சப்பை மூக்கு,
வயிறு முழுக்க ஈயமும் அமிலமும்.
முன்னூற்றிருபது கலங்களையும் திறந்து
காய்ச்சி வடித்த நீரை ஊற்றுபவர் எரால் அலேன்.
பார்படோஸ்காரர். கிரிக்கெட் பற்றிக் கேட்டால்
புனலைக் கீழே வைத்துவிடுவார்,
அதனால் வேலை நாட்களில் யாரும் கேட்பதில்லை.

இந்த ஊர் புகையை விழுங்கி இருமிய காலத்திலேயே
யாரோ யோசித்திருக்க வேண்டும்:
குழிக்குள் இழுக்க ஒரு குதிரை வேண்டும்,
மூச்சு விடாத குதிரை,
தன் தீனியைத் தானே சுமக்கும் குதிரை.
அந்த வம்சம் இது.
ஓடுவது மணிக்குப் பதினைந்து மைல்.
அதற்கு மேல் கேட்டால் முனகும்.

அன்றைக்குப் பின்னால் தள்ளவேண்டிய ஜோடி
டிப்போவிலேயே படுத்துவிட்டது.
பழைய தண்டவாளம் நாலு வண்டி நிறைய,
இழுக்க நான் ஒருத்தி, இது ஒன்று.

நாலு மணி இருபது.
ஆற்றுக்கு அடியிலிருந்து ஏறும் வளைவு.
வோல்ட் மானியின் முள்
படி இறங்குகிற கிழவரைப் போல,
ஒவ்வொரு கோட்டிலும் நின்று நின்று இறங்கியது.
ஹீட்டரை அணைத்தேன்.
கேபின் விளக்கை அணைத்தேன்.
முன்விளக்கையும்.
பிறகு வண்டியே நின்றது.

கட்டுப்பாட்டு அறையில் நீவ் கெலஹர்:
"எங்கே இருக்கிறாய்?"
"வளைவில்."
"என்ன செய்கிறாய்?"
"ஓய்வெடுக்கிறோம்."

சிரிக்கவில்லை அவள். மேலே ஐந்தரைக்கு
முதல் ரயிலுக்கு ஆள் வந்துவிடும்:
ஆஸ்பத்திரி துடைப்பவர்கள், ரொட்டி சுடுபவர்கள்.
"மின்சாரம் விடட்டுமா?
ரயிலில் தொட்டுக்கொண்டு ஏறிவிடுவாய்,
இரண்டே நிமிடம்."

உண்மைதான். இரண்டே நிமிடம்.
ஆனால் எனக்குப் பின்னால் எங்கோ
கில்ராயும் அவன் ஆட்கள் ஐந்து பேரும்
ஸ்பேனர் பைகளோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள்,
ஒருவனுக்குக் கால் சுளுக்கு.
அவர்கள் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி
அந்த நாலாவது தண்டவாளம், இப்போதைக்குச் சும்மா.

"விடாதே," என்றேன்.
"ஆறு பேர் எண்ணி முடிக்கும்வரை விடாதே."

இருட்டு.
அப்படியொரு இருட்டில் ஈய மின்கலம்
என்ன செய்யும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை எனக்கு.
எரால்தான் ஒருநாள் சொன்னார், சாண்ட்விச் மென்றபடி:
அதைக் கேட்காமல் இருந்தால் கொஞ்சம் தரும்.
கேட்காமல் இருந்தேன்.
சுவரில் தண்ணீர் சொட்டியது.
தண்டவாள ஓரம் ஒரு எலி,
எலிக்கு நேர அட்டவணை இல்லை.

பதினோரு நிமிடம்.
முள்ளைப் பார்க்கக் கைவிளக்கைத் திருப்பினேன்:
இரண்டு கோடு ஏறியிருந்தது.
யாரும் எதுவும் செய்யாமலே இரண்டு கோடு.

கில்ராய் முதலில் வந்தான், பிறகு நால்வர்,
நொண்டியவன் கடைசியில், கெட்ட வார்த்தையோடு.
எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன்.
எல்லோரையும் ஏற்றிக்கொண்டு
முதல் நாட்ச், அதற்கு மேல் இல்லை,
நடந்திருந்தால் முந்தியிருப்பார்கள்.

வளைவு தாண்டியதும் ஒரு நிலையம், காலியாக.
என் கைவிளக்கு சுவரில் ஒரு விளம்பரத்தைத் தொட்டது:
பளபளவென்று மின்சாரக் கார்,
கீழே பெரிய எழுத்தில் 'எதிர்காலம் வந்துவிட்டது.'
கில்ராய் படித்தான்.
ஒன்றும் சொல்லாமல்
வண்டியின் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டினான்.

சைடிங்கில் நுழைந்து நீவைக் கூப்பிட்டபோது
ஐந்துக்கு ஆறு நிமிடம்.
"இப்போது விடு."
தண்டவாளம் ஒருமுறை முனகி
விழித்துக்கொண்டது.

முதல் ரயில் என்னைக் கடந்து போனது.
ஜன்னலோரம் ஒருத்தி தலைசாய்த்துத் தூங்குகிறாள்,
அவளுக்கும் இரண்டு கோடு ஏறட்டும்.