நாற்பத்து நான்காவது மஞ்சள்

பதினோரு வருஷத்தில்
நான் போட்ட கோல் இரண்டு.
ஒன்று எங்களுக்கு.
ஒன்று எதிராளிக்கு.
எலத்தகிரியில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது
இரண்டாவதுதான்:
சேம் சைடு இன்னாசி.

கொல்கத்தா, ஆகஸ்டு, அடைமழை.
பந்து என் முட்டியில் பட்டுத் திரும்பியதை
டிவியில் ஏழு தரம் காட்டினார்கள்.
அதே ஆட்டத்தில்
கோல் கோட்டின் மேல் விழுந்து
நெற்றியால் நான் வெளியே தள்ளிய பந்தை
ஒரு தரம்கூடக் காட்டவில்லை.
அப்போது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததாம்.
சிமெண்ட் விளம்பரம்.

ஸ்டாப்பர் கணக்கு அப்படித்தான்.
நடக்காமல் போனதை
யார் எழுதி வைப்பது?
மஞ்சள் அட்டைக்கு மட்டும் கணக்கு உண்டு,
நாற்பத்து மூன்று.
சிவப்பு இரண்டு; அது வேறு கதை.

முட்டியை இரண்டு முறை திறந்து மூடிய பிறகு
கிளப் கொடுத்தது
ஒரு கடிதம், ஒரு சால்வை,
மூன்று மாதச் சம்பள பாக்கியில் ஒன்றரை மாதம்.
ஓசூரில் பஸ் இறங்கியபோது
குளிர் மட்டும் பழையபடி இருந்தது.

இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கு
சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு மைதானம்.
பாதி புல், பாதி கிரானைட் துகள்.
விழுந்தால் தோல் போய்விடும்,
அதனால் சறுக்கித் தடுக்க எவனுக்கும் மனசு வராது.
வராதது நல்லது என்கிறேன்.
சறுக்குகிறவன் தாமதமாக வந்தவன்.
முன்பே வந்தவன் நின்றபடி எடுப்பான்.
சொல்கிறவன் தொடையைப் பார்த்தால்
யாரும் நம்ப மாட்டார்கள்,
அவ்வளவு தழும்பு.

என் ஸ்டாப்பர் திம்மராயன்
பேரிகைப் பக்கம் பசுமைக்குடிலில்
விடிகாலை நாலு மணிக்கே ரோஜா வெட்டப் போகிறான்.
அவன் த்ரோ எறிந்த பந்தில்
சில நாள் ரத்தப் பொட்டு இருக்கும்.
காதலர் தினம் நெருங்கினால்
பயிற்சிக்கு வர மாட்டான்,
வந்தாலும் பெஞ்சில் தூங்குவான்.
லீக்கைப் பிப்ரவரியில்தான் வைக்கிறார்கள்.

கோச் என்றால்
கால் இருந்த இடத்தில் வாய்.
தமிழில் கத்தினால் மூன்று பேர் திரும்புவார்கள்,
தெலுங்கில் ஐந்து பேர்,
கன்னடத்தில் திம்மராயன்.
கோல்கீப்பருக்கு ஒடியா.
எனக்கு ஒடியா வராது.

போன ஞாயிறு, கிருஷ்ணகிரி.
காவேரிப்பட்டணத்தோடு ஒன்றுக்கு ஒன்று.
எண்பத்தேழாவது நிமிஷம்.
மலைமேல் கோட்டை நிற்க,
கீழே கோல்கீப்பர் கோட்டை விட்டான்.
காலி வலையை நோக்கிப் பந்து
அவசரமே இல்லாமல் உருண்டது,
சந்தையில் விலைபோகாமல்
வீடு திரும்பும் மாட்டைப் போல.

திம்மராயன் அங்கே இருந்தான்.
இரண்டு எட்டில் எடுத்துவிடுவான்.
எனக்குத் தெரியும்.
என் காலுக்குத் தெரியவில்லை.

பார்க்கிறேன்:
வெள்ளைக் கோட்டுக்கு நாலு கஜம் உள்ளே
காற்றை உதைத்துக்கொண்டு நிற்கிறேன்.
முட்டி போட்ட சத்தம்
பெஞ்சு வரைக்கும் கேட்டதாம்.

ரெஃப்ரீ சின்னப் பெண்.
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
நடந்தே வந்தாள்.
"சார் எந்த பொசிஷன்?"
சிரிக்காமல் கேட்டாள்.
பிறகு பாக்கெட்டில் கை விட்டாள்.

அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில்
எட்டு செகண்ட் வீடியோ.
வேட்டி கட்டாத குறையாக ஓடும் கோச்,
ஒரு உதை, ஒரு தள்ளாட்டம்,
யாரோ போட்ட சிரிப்புச் சத்தம்.
என் மச்சான் மூன்று குரூப்பில் அனுப்பியிருந்தான்.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
திம்மராயன் எதிலும் இல்லை.
படத்துக்கு வெளியே, இடது பக்கம் எங்கேயோ,
அவன் பந்தை எடுத்துக்கொண்டிருந்தான்.

சிமெண்ட் விளம்பரமாக
நான் ஆகியிருந்தேன்.

நோட்டை எடுத்து எழுதினேன்:
எண்பத்தேழு. திம்மராயன். நின்றபடி எடுத்தான்.
அதற்குக் கீழே:
முட்டிக்கு ஐஸ்.
'வெளியே வராதே' என்பதற்கு
ஒடியாவில் என்ன, விசாரிக்கவும்.