மூண்டும் கொஞ்சமும்

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள்
அராலி வெளிக்காற்று
சுண்ணாம்புக் கோடுகளில் பாதியைக் கொண்டுபோயிருந்தது.
தகரத்துக்குக் கீழே எட்டாம் தரம் அவிந்துகொண்டிருந்தது.
"கொப்பியை மூடுங்கோ. செருப்பைக் கழற்றுங்கோ."
செருப்புக்கும் வட்டத்துக்கும் என்ன சம்பந்தமென்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
வெளியே போகிறதென்றால் ஏன் கேட்கப்போகிறார்கள்.

கயிறிழுத்த கயிற்றை மடித்து
நடுவில் டிலக்சனை முளையாக நட்டோம்.
அசையாதே என்றால் அவனுக்கு அசையத்தான் தெரியும்.
வடக்குப் பக்கம் வட்டம் கொஞ்சம் வீங்கிப்போனது.
போகட்டும்.

குறுக்கே நடந்து எண்ணு.
சுற்றி நடந்து எண்ணு.
பெரியதைச் சின்னதால் பிரி.
பாடம் அவ்வளவுதான்.

நெட்டையன் கவிராஜ்: முப்பத்தொன்று, தொண்ணூற்றேழு.
தர்மிகா அறுபதில் எண்ணிக்கையைத் தொலைத்துவிட்டு
தொலைத்த இடத்திலேயே நின்று தேடினாள்.
சிரிப்புக் கேட்டு
ஏழாம் தரம் யன்னலுக்கு வந்தது,
பின்னால் அதிபரும்.

யதுர்சிகா
நேற்று முழுக்கக் கொட்டகைக்குள் இருந்து
மற்றவர்களின் புள்ளிகளை எழுதினவள்.
இடது கால் வலதைவிடக் குட்டை.
"அவளை விடுங்கோ மிஸ், விடை பிழைச்சுப்போகும்."
கரிசனையாய்த்தான் சொன்னார்கள்.
அவள் அதற்குள் கோட்டில் நின்றாள்.

ஒரு நெடில், ஒரு குறில்,
ஒரு நெடில், ஒரு குறில்,
குறுக்கே நாற்பத்தாறு.
சுற்றி வரப் பாடவேளை பாதி போனது.
கயிறு கேட்க வந்த பீ.ரீ. சேர்
கேட்காமல் நின்றார்.
வீங்கின இடத்தில் மட்டும் ஒருதரம் மூச்சு வாங்கினாள்.
நூற்று நாற்பத்தைந்து.

மணலில் விரலால் பிரித்தாள்.
"மூண்டு…
மூண்டும் கொஞ்சமும்."

கவிராஜ் தன் கணக்கைத் திரும்பப் பார்த்தான்.
மூண்டும் கொஞ்சமும்.
அவளின் காலைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான்.
"என்னெண்டு மிஸ்
ரெண்டு பேருக்கும் ஒரே கொஞ்சம்?"

வாயெடுத்தேன்.
மணி அடித்தது, நல்ல காலம்.

தவணைப் பரீட்சையில் கேட்டிருந்தார்கள்,
பையின் பெறுமானம் யாதென்று.
எல்லாரும் இருபத்திரண்டை
ஏழின் தலையில் ஏற்றியிருந்தார்கள்.
அவள் மட்டும், வடிவான எழுத்தில்,
மூண்டும் கொஞ்சமும்.

புள்ளித்திட்டத்தில் கொஞ்சத்துக்கு இடமில்லை.
ஒரு புள்ளிக்கு அரைப் புள்ளி போட்டேன்.
மிச்ச அரை
என்ர சிவப்புப் பேனைக்குள் இப்பவும் சுற்றி வருகிறது,
ஒரு நெடில்,
ஒரு குறில்.