ஏழு நாள் குளிசை

மறியலால் வந்தபோது
பழுப்பு உறையில் போட்டுத் தந்தார்கள்
ஏழு நாள் குளிசை.
இன்று ஒன்பதாம் நாள்.

காப்பீட்டு அட்டை தபாலில் வருமாம்.
யாருடைய தபால்பெட்டிக்கு என்று
முன்மேசைப் பிள்ளை கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

உள்ளே பிறஷர் அடங்கித்தான் கிடந்தது.
ஹாகன் ஸ்டேஷனில் இறங்கிய கையோடு ஏறிவிட்டது.
சிரியாதேங்கோ டொக்டர்,
மூன்று வருடம்
முற்றத்து மதிலுக்கு அப்பால் பார்க்காத கண்.
ஃபோல்மே பாலத்தில் நின்றேன்,
ஆறு முடியவே இல்லை.
தலை சுற்ற
மறுபடியும் கம்பியைத்தான் பிடித்தேன்.

கடைவாய்ப் பல் ஒன்று அங்கேயே போய்விட்டது.
பசி இருக்கிறது, மெல்ல இடது பக்கம் மட்டும்.

வாமதேவன் வீட்டு சோபாவில்
விடிய ஆறு மணிக்கே எழும்பி
நிமிர்ந்து நிற்கிறேன்.
என்னை எண்ண ஒருவரும் வருவதில்லை.
அவனுடைய பூனை பார்க்கும்,
பிறகு அதுவும் படுத்துவிடும்.

நித்திரைக்கு எழுதித் தருவது உங்கள் விருப்பம்.
பிறஷர்க் குளிசை கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று.
பெயர் கூப்பிட்ட பிறகும்
உங்கள் கதவடியில் நின்றுகொண்டிருந்தேனே,
காது கேளாமல் இல்லை.
கைபிடி கண்ணுக்குத் தெரிந்தது,
கைக்குத் தெரியவில்லை.
போகும்போதும்
நீங்களே திறந்துவிடுங்கோ.